எடுத்துக்காட்டு வாக்கியம்

கண்ணு,

நீ கேட்ட போர்வையை அனுப்பிவிட்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

அப்பாவின் அகராதி ‘கற்பு’ வரைக்கும் வந்துவிட்டது. நேற்று உதவியாசிரியரைக் கூடத்தில் உட்காரவைத்து விளக்கினார். “கத்துக்கிறதுல இருந்து வந்த சொல்லுய்யா. முதல்ல படிப்பு, படிச்சபடி நிக்கிறதுன்னுதான் அர்த்தம். பொம்பளைங்க தலையில பிற்பாடுதான் கட்டினாங்க.”

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உதவியாசிரியர் போனதும் அப்பாவிடம் கேட்டேன்: “அப்ப நம்ம பொண்ணை வரச் சொல்லட்டுமா?”

“அது அகராதி. இது வீடு,” என்றார். புருஷனை விட்டு வந்தவளுக்கு இங்கே இடமில்லை என்பதை இந்த முறை சத்தம் போடாமலே சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் அவருக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் சொல்லிக்கொடுத்தவள் நீதானே. இந்தச் சொல்லுக்கு அவருக்கு ஒன்றுமே ஓடவில்லை. என்னைக் கேட்டார்.

“என் மகள் கற்புள்ளவள்,” என்றேன்.

பழக்கதோஷத்தில் எழுதிவிட்டார். பிறகு ‘மகள்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு, மேலே ‘மனைவி’ என்று போட்டார். அச்சிலும் அப்படித்தான் வரும்.

நீ வர வேண்டாம், கண்ணு. குளிருக்குப் போர்வையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொள்.

அந்த வாக்கியத்தில் இருப்பவள்,
உன் அம்மா