தாய்மாமனுக்கு முதல் மெயில்

மதினி,

பெட்டிக்குள் விரிக்க வாங்கிய புதுத்தாளின் வாசமும் அறுத்து வைத்த திராட்சையின் வாசமும் கொட்டகை முழுக்க நிறைந்து கிடக்கின்றன. காலையில் அனுப்பிய மெயிலுக்கு, நான் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் பதில் வர ஆரம்பித்துவிட்டது. குப்பையென்று ஒதுக்கும் ஸ்பாமில் இல்லை, விளம்பரங்கள் போய்ச் சேரும் பிரமோஷன் பக்கத்தில் இல்லை. சொந்தக்காரர்கள் எழுதுகிற மெயில் வந்து விழும் முதல் பக்கத்திலேயே விழுந்திருக்கிறது மதினி! புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அப்படியே. "மதினி!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். பழம் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு நிமிடம் கையை நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டார்கள். உங்களிடம் சொல்லாத சந்தோஷம் எனக்கு அரைச் சந்தோஷம்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

நாமே மெயிலில் பழம் விற்க இறங்கிய அந்தப் பருவம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஓடைப்பட்டித் தோட்டத்தில் பழம் சர்க்கரை ஏறி நின்றது. மேகமலைப் பக்கம் கருக்கல் கட்டியிருந்தது. மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும் என்பது விலை பேச வந்த வியாபாரிக்குத் தெரியாதா? மனுஷன் பந்தலைப் பார்க்கவே இல்லை, வானத்தைப் பார்த்து விலை சொன்னார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்று சொல்லப் போனார். நீங்கள் குறுக்கே புகுந்து, நாங்களே விற்றுக்கொள்கிறோம் என்று வியாபாரியை அனுப்பிவிட்டீர்கள். யாரை நம்பி? சின்னமனூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற இந்த நாத்தனாரை நம்பி! ஒரு வருட உழைப்பு மொத்தமும் என் மெயிலின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முன்பே நம்மிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்சலில் பழம் வாங்கிப் பழகியவர்கள், மதுரைக் கண்காட்சியில் நம் கடைக்கு வந்து சும்மா ருசி பார்த்துவிட்டுப் போனவர்கள் என்று எல்லாருடைய மெயில் முகவரியும் நம்மிடம் இருந்தது. வாட்ஸப்பில் மொத்தமாக அனுப்பினால் நம் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போகும். மெயில் எல்லாருக்கும் போகும் என்று நம்பினோம். நம் முதல் மெயிலின் அழகு இருக்கிறதே! சிவப்பு எழுத்து, பக்கம் கொள்ளாத படங்கள், இன்றே, உடனே, சலுகை சலுகை என்று மைக் கட்டிய ஆட்டோ மாதிரி ஒரே கூப்பாடு. அனுப்பிவிட்டு இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு ஈ, காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் நீங்கள்தான் நம்மிடம் பழம் வாங்குகிற பெங்களூர் டீச்சரம்மாவுக்குப் போன் போட்டீர்கள். அவர் தேடிப் பார்த்துவிட்டு, சேலைத் தள்ளுபடிக்கும் லோன் விளம்பரத்துக்கும் நடுவே நம் திராட்சை கிடக்கிறது என்றார். இன்னொருவருக்கு நேராக ஸ்பாமுக்கே போயிருந்தது.

சென்டரைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து படித்தேன். மெயில் கம்பெனிகள் வாசலில் காவலுக்கு ஆள் போட்ட மாதிரி ஒவ்வொரு மெயிலையும் தரம் பிரிக்கின்றன. அனுப்புவது நாம்தான் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறதா, படமும் லிங்க்குமாக விளம்பரம் போல இருக்கிறதா, மெயிலைப் பெறுகிறவர்கள் திறக்கிறார்களா, பதில் எழுதுகிறார்களா, எரிச்சலில் ஸ்பாம் என்று அழுத்துகிறார்களா, எல்லாமே கணக்கு. நிறையப் பேர் திறக்காமல் விட்டால், ஆசையாகக் காத்திருக்கிறவர்களுக்கும் நம் மெயில் பின்னால் தள்ளப்படும். இலவச முகவரியை விட்டுவிட்டு நம் தோட்டத்தின் பெயரிலேயே சொந்த முகவரி வாங்கி, அத்தாட்சிகளை எல்லாம் பதிந்தேன். படங்களைத் தூக்கினேன். அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள்.

மெயிலின் அடியில், வேண்டாதவர்கள் விலகிக்கொள்ள ஒரு லிங்க் வைத்தேன் பாருங்கள், அங்கே பிடித்தது சண்டை. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போதே வர இஷ்டமில்லாவிட்டால் வராதீர்கள் என்று சொல்வோமா என்று கேட்டீர்கள். போக வழி வைக்காவிட்டால் ஸ்பாம் என்று அழுத்திவிட்டுப் போவார்கள், அது நம் தலையில்தான் விடியும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே விட்டீர்கள். ஆனால் திறந்தே பார்க்காதவர்களை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டீர்கள்.

"ஏத்தா, ஒருத்தரை விட்டாலும் பகைதானத்தா. ஊரே கூடி நின்னு ஏன் விட்டீகன்னு கேப்பாக."

கல்யாண வீட்டுப் புத்தி! பெயர் விட்டுப்போனதற்காகப் பத்து வருடம் பேசாமல் இருக்கும் பங்காளிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மெஷினுக்கு ஏது மதினி பங்காளி என்று நானும் கத்தினேன். நீங்கள் கோபத்தில் வாசலைக் கூட்டப் போனீர்கள். கூட்டி முடிக்கவில்லை, விளக்குமாற்றோடு உள்ளே வந்தீர்கள். யாரையும் விட வேண்டாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எதற்கு என்றீர்கள்.

"மொதப் பத்திரிக்கை தாய்மாமனுக்குத்தான வைப்போம்? அவுக வந்து நின்னா மத்தவுக தானா வருவாக."

எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் படித்த அத்தனையையும் நம் வீட்டு முறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டீர்கள். எப்போதும் திறக்கிறவர்களுக்கு முதலில் அனுப்புவோம். அவர்கள் பதில் எழுதினால் மெயில் கம்பெனிக்கு நம்மேல் நம்பிக்கை வரும். பிறகு அடுத்த சுற்று. திறக்காதவர்களுக்குக் கடைசியாக, இனியும் எழுதலாமா என்று ஒரே ஒரு கேள்வி. பேசாமல் இருந்தால் தொந்தரவு செய்வதில்லை.

பதில் வரவைக்க நீங்கள் எழுதச் சொன்ன வரியைப் பார்த்துத்தான் பயந்தேன். "போன தடவை பழம் இனித்ததா, புளித்ததா? உள்ளதைச் சொல்லுங்கள்" என்று யாராவது தன் பழத்தைப் பற்றித் தானே கேட்பார்களா? கேட்டோம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதியிருந்தார். பழம் புளி, பெட்டி ஒழுகல், பஸ் பார்சல் தாமதம். எனக்கு முகம் செத்துவிட்டது. நீங்களோ தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள். "திட்டுனாலும் பதில்தானத்தா!" என்றீர்கள். அவருக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுத, அவர் மறுபடி எழுத, கடைசியில் அவரே தன் குடியிருப்பு முழுக்கச் சொல்லிப் பழம் கேட்டார். அடுத்த சுற்று போனபோது நம் மெயில் பலருக்கு முதல் பக்கத்தில் வந்து நின்றது. டீச்சரம்மா போன் செய்து, வங்கியிலிருந்து வந்த மெயிலுக்கு மேலே நீங்கள் இருக்கிறீர்கள் என்றார். நாம் இரண்டு பேரும் கொட்டகையில் குதித்ததைப் பார்த்து, பாம்பு வந்துவிட்டது என்று அண்ணன் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

மழை வந்தது. காலிப் பந்தல் மேல் பெய்துவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவமும் அப்படித்தான் விற்றோம். போன வருடம் ஒரு வாரக் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம்கூட வந்தது மதினி. இனி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பழம் கேட்குமா? பழுத்துவிட்டது. உங்கள் முறைப்படியே எழுதினேன், முதலில் தாய்மாமன்மார், பிறகு மற்றவர்கள்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். திறக்காதவர்களின் பெயரை எடுக்கிற வேலை. அனுப்புமுன் சரிபார்க்க என்று உங்கள் முகவரியையும் நாம் சேர்த்து வைத்திருந்தோம் அல்லவா? அந்தப் பெயரை என் கையால் எப்படி எடுப்பேன்? இன்று பதில்கள் வந்த சந்தோஷத்தில், யார் எப்போது திறந்தார்கள் என்று காட்டும் பட்டியலைத் துணிந்து திறந்தேன். தேடினேன். திறக்காதவர்களில் உங்கள் பெயர் இல்லை. எப்போதும் திறக்கிறவர்களோடு இருந்தது. நீங்கள் போன பிறகு நான் அனுப்பிய அத்தனை மெயிலும், அனுப்பிய அன்றே திறக்கப்பட்டிருந்தது.

உங்கள் போன் அண்ணனிடம்தான் இருக்கிறது. பந்தலுக்கடியில் குலை வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"திறக்காதவுகளுக்கு மெயில் நின்னு போகும்னு அவதானத்தா சொன்னா. அவ பேருக்கு வர்றது நின்னு போகக் கூடாதுல்ல."

சொல்லிவிட்டு அடுத்த குலையை வெட்டிக் கூடையில் வைத்தார். அழுதேன். பிறகு கொட்டகைக்கு வந்து, இத்தனை நாள் அவர் தனியாக உட்கார்ந்து என்னென்ன வாசித்திருப்பார் என்று அனுப்பிய மெயில்களை எல்லாம் ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

உங்கள் பெயர் அங்கேயே இருக்கும் மதினி, தாய்மாமன்மாரோடு. அடுத்த மெயிலுக்கு என்ன கேள்வி வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் ஒரு வரி பதில் எழுதுகிற மாதிரி ஒரு கேள்வியாக இருக்க வேண்டும்.