எரியாத கிறிஸ்மஸ் ஸ்டார்

லிங்கராஜபுரம்,
பெங்களூரு

அன்பு மகள் நிக்கோலுக்கு,

மாதாவின் தயவில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அந்தக் காட்மாண்டுக் குளிரில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற உன் ஆபீஸ் வீணாவிடம் அச்சுமுறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்காது என்று நீ சொன்ன நாளிலிருந்து வீட்டில் ஒரே குழப்பம். மழைக்காலத்தில் நேபாளம் நமக்குக் கரண்ட் விற்கும், குளிர்காலத்தில் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் நம்மிடமே வாங்கும், அந்த வாங்குகிற வேலை என் தலையில் என்றாய். கரண்ட் என்ன தக்காளியா, ஒரு சீசனில் விற்று இன்னொரு சீசனில் வாங்க? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்பாவுக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது. இங்கே நாம் மிச்சம் பிடித்தால் அங்கே பற்றாக்குறை தீரும், பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார். வருஷாவருஷம் தெருவில் முதலில் எரிவது நம் வீட்டு ஸ்டார்தானே, இந்த வருஷம் மாட்டியதோடு சரி, எரியவிடவில்லை. கீஸரும் கிடையாது, விறகு தேடி அலைகிறார். எதிர்வீட்டு வள்ளியம்மா, ஏன் ஜூடித், பில்லு கட்டலையா, ஃபியூஸ் புடுங்கிட்டாங்களா என்று கேட்டாள், மானம் போயிற்று. கம்பத்தில் வேலை பார்த்த லைன்மேனிடமும் அப்பா போய்க் கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே, சார், நீங்க ஆஃப் பண்ணா பக்கத்து வீட்டு மிக்ஸிக்குத்தான் போகும், நேபாளத்துக்கெல்லாம் போகாது என்றான். அப்பா முகம் தொங்கிப்போயிற்று, ஆனாலும் சுவிட்சைத் தொடவில்லை. நாடு முழுக்க ஒரே கிரிட், எல்லாக் கரண்ட் கம்பியும் ஒன்றோடொன்று சேர்ந்ததுதான் என்று நிக்கோலே சொன்னாளே, இவனுக்கு என்ன தெரியும் என்கிறார். யார் சொல்வதம்மா சரி? நீ வாங்குகிறதில் நம் வீட்டுக் கரண்டும் வந்து சேருகிறதா?

கோபப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை. நீ இல்லாத முதல் கிறிஸ்மஸ், அவருக்குத் தாங்கத் தெரியவில்லை. இருட்டில் மாடிப்படி ஏறுகிறார், விழுந்து வைப்பாரோ என்று நான் டார்ச்சோடு பின்னாலேயே ஏறுகிறேன்.

ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். வருவாயா மாட்டாயா என்று அப்பாவிடம் மறக்காமல் நீயே சொல். வர முடியாதென்றால், கரண்ட் வந்து சேர்ந்தது, போதும், ஸ்டாரைப் போடுங்கள் என்றாவது சொல். என் வாயால் சொல்ல முடியாது. ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்று நானும் நேற்றிலிருந்து ஃப்ரிட்ஜை அணைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா ஜூடித்