மகள் இன்று தனியாகப் பஸ் ஏறுகிறாள்

என்னங்க,

நான் காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பு மேலேயே இருக்கிறது. என் மேல் இருக்கிற கோபத்தை அதன் மேல் காட்டாதீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் சங்கத்து அக்கா முதல் தடவை வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? "வேலைக்கு எப்படிம்மா போவே?" என்று நம் மகளைக் கேட்டார். நாம் இரண்டு பேரும் முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொன்னோம். "நான் அவளைத்தானே கேட்டேன்" என்று சிரித்துவிட்டுக் காத்திருந்தார். திக்கித் திக்கி அவளே சொன்னாள்: "பஸ்ல... நானே... தனியா."

அதற்குப் பிறகு தினமும் கூடவே போய்ப் பழக்கினார். அவள் இறங்குமிடத்தைத் தவறவிடாதபடி நிறுத்தத்தின் பெயரைக் கண்டக்டர் உரக்கச் சொல்ல வேண்டும் என்று டிப்போவில் மல்லுக்கட்டிச் சாதித்தார். இன்று இறங்குகிற இடத்தில் அவர் நிற்பார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதற்காக ஸ்கூட்டரில் பின்னாலேயே போவேன் என்று நேற்று குதித்தீர்களே, அது மட்டும் வேண்டாம்.

சாவியைத் தேடாதீர்கள். என் கைப்பையில் இருக்கிறது.

எழுந்து வந்துவிட்டாள், தானும் எழுதணுமாம்:

அப்பா ஜன்னல்ல நில்லுங்க. பஸ் ஏறிட்டு டாட்டா காட்டறேன்.