மஞ்சள் கொடியில் காட்டிய கை

5 ஜனவரி 2025, ஞாயிறு

புது நோட்டு. பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுவேன். அம்மாவைப் பற்றியும், என்னைப் பற்றியும்கூட.

இன்று எழுத இருப்பது கோபம்தான்.

வரதய்யபாளையம் பக்கம், இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத மனைப்பிரிவின் தார்ச்சாலைகளில் எங்கள் திருப்பதி கார் கிளப்பின் பந்தயம். அம்மா வாரமெல்லாம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறாள். பந்தயத்தில் பழைய மாருதி. இன்றோ பிப்ரவரியிலோ முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் சென்னைப் பந்தயத்துக்குப் போக முடியும்.

நான் இரண்டாம் வளைவில், கொடி காட்டுபவர் பக்கத்தில் குறிப்பெழுத நின்றிருந்தேன். ஒரு கார் சறுக்கி மண்ணில் இறங்கியது. மஞ்சள் கொடி! மஞ்சள் ஆடினால் பச்சை வரும்வரை யாரும் யாரையும் தாண்டக்கூடாது. மூன்றாவதாகப் போன சுரேஷ்பாபு ஜன்னல் வழியே கையை நீட்டி, "போ, போ" என்பதுபோல் ஆட்டினார். பின்னால் வந்த அம்மா தாண்டிவிட்டாள். முப்பது விநாடி தண்டனை. ஏழாம் இடம்.

"ரோட்ல கை காட்டினா போறதுதானே? பத்து வருஷமா அப்படித்தான் ஓட்டிக்கினு கீறேன்" என்கிறாள் அம்மா.

சுரேஷ்பாபு சிரிக்கிறார். "அக்குள் காய கையை நீட்டினேன்க்கா. அதுக்கும் உங்க பர்மிஷன் வாங்கணுமா?"

நடுவர் பூவராகவன் சாரிடம் கண்டதைச் சொன்னேன். "அம்மாவுக்குப் பொண்ணு சாட்சியா? கை காட்டினாலும் தப்பு தப்புதாம்மா" என்றார். விதிப்படி அது சரி. அதனால்தான் இன்னும் எரிகிறது.

6 ஜனவரி

கணக்கு வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது.

19 ஜனவரி

ஆங்கில விதிப்புத்தகத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். "புக்கு படிச்சி கியர் போடுவியா, ஹர்ஷினி?" என்றபடி வெங்காயம் நறுக்கினாள். விடவில்லை. 'மஞ்சளில் யார் கை காட்டினாலும் தாண்டமாட்டேன்' என்று பத்துமுறை சொல்லவைத்தேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டாவது பந்தயம். மறுபடி மஞ்சள் கொடி. மூன்றாவது சுரேஷ்பாபு, நான்காவது அம்மா. அவர் வண்டியிலிருந்து புகை. மெதுவாகி ஓரம் போனார், கையை ஆட்டினார். அம்மா தாண்டவில்லை. அவர் வண்டி நின்றது. பின்னால் அம்மாவும் நின்றாள்! அவள் வண்டியும் பழுது என்று நினைத்து மற்றவர்கள் இரண்டையும் தாண்டிப் போனார்கள். "அக்கா, நெஜமாவே செத்துப்போச்சு, போங்க!" என்று அவர் கத்தக் கத்த, பச்சைக் கொடி வரும்வரை அம்மா அசையவில்லை.

எட்டாம் இடம். சென்னை இல்லை.

"நின்னுபோன வண்டியைத் தாண்டலாமாமே. புக்குல இல்லையா?" என்றாள் சாப்பிடும்போது.

இருக்கிறது. அதே விதியின் இரண்டாவது வரி. தெரிந்தே அம்மாவுக்குப் படித்துக்காட்டவில்லை. படித்தால் சுரேஷ்பாபு பழுதானதுபோல் நடித்து மறுபடி ஏமாற்றுவார் என்று பயந்தேன். பயமா அது? அந்த ஆளை ஜெயிக்க வேண்டும் என்ற வெறி. ஓட்டுவது அம்மா, முடிவு செய்ய நான் யார்?

சொல்லிவிட்டேன். அறைவாள் என்று நினைத்தேன். தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அவனாவது கையைக் காட்டி ஏமாத்தினான். நீ?"

கை கழுவிவிட்டு வந்தாள். "புக்கை எடுத்துக்கினு வா. ஒரு வரி வுடாம படி."

பதினோரு பக்கம் படித்தேன். புரியாத இடத்தில் மட்டும் "இன்னொரு தபா" என்றாள். காலை ஐந்துக்கு அவளுக்கு வேன். விளக்கை அணைத்துவிட்டாள்.