ஸாபாத் சந்தின் மாலைத் தட்டு

அனுப்புநர்:
ரஃபீக்கா கர்ஸல்லி,
வரலாற்று ஆசிரியை (பணி ஓய்வு),
முதல் வீடு, ஸாபாத் சந்து,
ஐன் ஸர்கா.

பெறுநர்:
வட்டார ஆணையர் அவர்கள்,
வட்டார ஆணையர் அலுவலகம்,
ஐன் ஸர்கா.

பொருள்: ஸாபாத் சந்துக் குடும்பங்களை ஒரே கட்டடத்தில் குடியமர்த்தவும், மறுகுடியமர்வு அறிக்கையில் காதி காசிம் அல்-ஸர்கியின் பெயரைச் சேர்க்கவும், இன்று மஃரிபுக்கு முன் ஓர் ஆளை அனுப்பவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்.

1. ஸாபாத் சந்தில் இப்போது குடியிருப்பவள் நான் ஒருத்திதான். தங்கள் பதிவேட்டில் "குடியிருப்போர் எவருமில்லை" என்று எழுதியிருப்பதாக அறிகிறேன். என்னைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் கீழே சொல்லப்போகும் காரணங்களால் அந்தக் குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது.

2. தாங்கள் தலைநகரிலிருந்து அண்மையில் பொறுப்பேற்றவர் என்பதால் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மேலே கூரை மூடிய சந்து இது. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்ததும், சந்து முனையிலுள்ள என் வீட்டில் பூண்டு இடிக்கும் உலக்கையால் அண்டைச் சுவரைத் தட்டுவோம். அண்டை வீட்டார் தங்கள் மறுபக்கச் சுவரைத் தட்டுவார்கள். இப்படியே வரிசை முழுதும் போய், எதிர்வரிசை வழியாகத் திரும்பி, சந்தின் மேலாக எதிர்வரிசையைத் தொட்டு நிற்கும் என் வீட்டு மாடியறைச் சுவரில் வந்து விழும். அதன் பிறகே எல்லா வீட்டிலும் சாப்பாடு. ஓசை எங்கேயாவது நின்றுவிட்டால், நின்ற வீட்டை எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும். நான் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்த நாளில் என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தார். தட்டு கிளம்பவே இல்லை என்று கண்டு அண்டை வீட்டார் கதவை உடைத்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதன் பிறகு அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார், பெரும்பாலும் என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டு.

3. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சுல்தானின் கோபத்துக்கு ஆளாகி இந்தச் சந்தில் வந்து ஒதுங்கிய நீதிபதிதான் காதி காசிம். வழக்கு விசாரித்தே பழகிய மனிதர் சும்மா இருக்க முடியாமல் சந்துக்காரர்களையே விசாரிக்கத் தொடங்கினார். தோல் பதனிடுபவர், யூதத் தட்டார், மலையிலிருந்து இறங்கிய குடும்பம், அந்தலூசியாவிலிருந்து தப்பி வந்தவர்கள் என்று ஒருவருக்கொருவர் இரத்த உறவு இல்லாத இந்த ஜனங்கள், ஒரே குலத்தாரைப் போல எப்படித் துணை நிற்கிறார்கள் என்பதே அவர் கேள்வி. மனிதரைச் சேர்த்துவைப்பது பிறப்பு அல்ல, அன்றாடம் கூடிச் செய்யும் காரியம் என்று அவர் முடிவுக்கு வந்தார். அரசன் மாறினால் ஊர் அழியாது, அண்டை வீட்டார் மாறினால் அழியும் என்றும் எழுதினார். மக்கள் வாழும் வாழ்க்கையை வீடு வீடாகப் பார்த்து, கேட்டு, சரிபார்த்து எழுதுவதைத் தனிப் படிப்பாக உலகம் ஏற்றுக்கொண்டதெல்லாம் பிற்பாடுதான். எங்கள் பள்ளிப் பாடநூலில் அவருக்குக் கிடைத்திருப்பது அரை வரி. கொள்ளைநோயில் இறந்த ஒரு நீதிபதி, அவ்வளவுதான்.

4. தங்கள் அலுவலகத்தின் மறுகுடியமர்வு அறிக்கையில் "சமூகப் பிணைப்பு" என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. பிரெஞ்சு, ஜெர்மானிய அறிஞர்களின் பெயர்களெல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. காதி காசிம் சாய்ந்து உட்கார்ந்து எழுதிய சுவரை இடிப்பது பற்றிய அறிக்கையில் காதி காசிம் இல்லை. இதைக் கேட்டதற்குத் தங்கள் எழுத்தர் ஜலூல் அவர்கள், "அவரு செத்து எத்தனை நூறு வருஷம் ஆச்சு டீச்சர்? அவரா எந்திரிச்சு வந்து ஆட்சேபணை சொல்லப்போறாரு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று நானும் சிரித்தேன்.

5. சுவர்கள் உறுதியாக இல்லை என்ற பொறியாளரின் கருத்தை நான் மறுக்கவில்லை. புதிய வீடுகளை ஒதுக்கிய குலுக்கல் முறையைத்தான் மறுக்கிறேன். பெருஞ்சாலையோர அடுக்ககங்களில் எங்கள் குடும்பங்களை ஆளுக்கொரு கட்டடமாகச் சிதறவிட்டார்கள். தனியாளான செருப்புத் தைக்கும் ஷாஸ்லிக்கு நான்காம் மாடி கிடைத்தது. அவர் இறந்து, நாற்றம் வந்த பிறகே கதவை உடைத்தார்கள். அங்கே அவருக்குப் பக்கத்து வீட்டில் புதிதாக வந்திருந்த பெண் என்னிடம், "சாயங்காலமானா செவுத்துல தட்டுற சத்தம் கேக்கும்க்கா. பைப்புல காத்து அடைச்சிருக்கும்னு நெனச்சேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பதில் வராத சுவரை அந்த மனிதர் மாலைதோறும் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் சந்தாக இருந்தால் சூப் ஆறுவதற்குள் ஆள் போயிருக்கும். இந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. மனுவில் எழுதக்கூடாத சொல் ஏதும் வந்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.

6. வெளியேற்றும் ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்திருப்பதால் நான் சந்திலேயே இருக்கிறேன். பழகிய கை சும்மா இராததால் மாலையில் தட்டிக்கொண்டும் இருந்தேன். காலி வீடுகளின் வாசல்களை நகராட்சி செங்கல் வைத்து அடைத்துவிட்டது. பதிலை நான் எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை. ஷாஸ்லியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மாலையில்தான் அண்டை வீட்டுக்குள் மறுபக்கச் சுவர் தட்டப்படுவதைக் கேட்டேன். பிறகு அதற்கடுத்த வீடு. ஷாஸ்லியின் வீட்டில் மட்டும் எப்போதும்போல் அவருடைய செருப்புச் சுத்தியலின் ஓசை. கடைசியில் என் மாடியறைச் சுவரில் வந்து விழுந்தது. எனக்குப் பசியே இல்லை. ஆனாலும் தட்டு வந்துவிட்டதால், வழக்கப்படி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

7. என் புகாரின்பேரில் தாங்கள் அனுப்பிய காவலர் அஸூஸ் அவர்கள், செங்கல் அடைப்புகள் எதுவும் உடையவில்லை என்று சரிபார்த்துவிட்டு, "எலிதான் டீச்சர், வேற என்ன" என்றார். மஃரிபுவரை இருக்கச் சொன்னேன். ஓசை எதிர்வரிசையில் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, "எலி வரிசையாவா தட்டும்?" என்று என்னைக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் தொப்பியை விட்டுவிட்டுப் போனார். மறுநாள் அலுவலகத்திலிருந்து எலி மருந்து வந்தது. தொப்பியை இம்மனுவுடன் அனுப்பியிருக்கிறேன்.

8. சென்ற வாரம் ஒரு மாலை, ஓசை, சந்திலிருந்து அடுக்ககத்துக்குப் போன மனூபிய்யாவின் பழைய வீட்டோடு நின்றுவிட்டது. நின்றால் போய்ப் பார்க்க வேண்டும். அடைத்த வீட்டில் யாரைப் பார்ப்பது? வாடகை வண்டி பிடித்து அவளுடைய புதிய வீட்டுக்குப் போனேன். காவலாளியை வைத்துக் கதவைத் திறந்தபோது, கீஸரிலிருந்து கசிந்த எரிவாயு நிறைந்து தாயும் மகளும் மயங்கிக் கிடந்தார்கள். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். கண் விழித்த மனூபிய்யா, "யாருக்கா ஒங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டாள். சிதறடிக்கப்பட்ட குடும்பங்களை அந்தக் காலி வீடுகள் இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கின்றன என்பதே என் முடிவு. நான் சந்திலிருந்து வெளியேறலாமே என்று தாங்கள் கேட்கலாம். வெளியேறினால், அடுத்து யார் வீட்டில் ஓசை நிற்கிறது என்று கேட்பதற்கு ஆளில்லை.

9. நேற்று மஃரிபுக்குப் பின் தட்டினேன். அண்டை வீட்டில் ஓசை எழவில்லை. கை நோகும்வரை தட்டினேன். பிறகு ஒவ்வொரு வீடாகக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அந்த வாசல்களில் இப்போது கதவுகளே கிடையாது. செருப்பொலிகள் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றன. "டீச்சர், நல்லா இருக்கீங்களா? தட்டக் காணோமே" என்று ஷாஸ்லியின் குரல் கேட்டது. மிகவும் அக்கறையான குரல். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று கத்தினேன். அவர்களுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. "உள்ள ஆளு பேச்சுமூச்சே இல்லையே. நாளைக்கும் தட்டலேன்னா கதவ ஒடச்சிருவோம்" என்றார் இன்னொருவர். அவர் பேசியது பழங்காலத்து அரபி. எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

10. காதி காசிமின் நூல் பாதி அத்தியாயத்தில் நின்றுபோனது. கொள்ளைநோயில் சந்து காலியாகி, அவர் ஒருவரே மிஞ்சியிருந்தபோது எழுதிய பகுதி அது. காலி வீடுகளிலிருந்து தட்டு சுற்றி வந்ததை ஒரு நீதிபதியின் நிதானத்தோடு பதிவு செய்துவிட்டு, "இன்று நான் தட்டியது அவர்களுக்குக் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வரி இல்லை. அச்சிட்டவர் இதைக் காய்ச்சலின் பிதற்றல் என்று அடிக்குறிப்பில் தள்ளிவிட்டார். அவரை யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். படித்திருந்தால் குலுக்கல் நடந்திருக்காது.

11. இன்று காலை மருத்துவரிடம் காட்டினேன். எனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார். அவர் சொல்வதை நம்பத்தான் விரும்புகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

ஆகவே, எங்கள் குடும்பங்களை அடுத்தடுத்த வீடுகளில், ஒரே கட்டடத்தில் குடியமர்த்த ஆணையிட வேண்டுகிறேன். காதி காசிமின் பெயரையும் கருத்தையும் அறிக்கையில் அவருக்குரிய இடத்தில், முதலிடத்தில், சேர்க்க வேண்டுகிறேன். இவ்விரண்டுக்கும் நாளாகும் என்பது எனக்குத் தெரியும். மூன்றாவது கோரிக்கைக்குக் கோப்பு எதுவும் தேவையில்லை. அண்டை வீட்டின் செங்கல்லைப் பிரித்து, உயிரோடிருக்கும் ஒருவரை இன்று மாலை அங்கே உட்கார வைக்க வேண்டுகிறேன். எழுத்தர் ஜலூல் அவர்களே போதும். நான் தட்டும்போது அவர் திருப்பித் தட்ட வேண்டும், வேறொன்றும் செய்ய வேண்டாம். தட்டும் ஓசை அவர் காதிலும் விழவில்லை என்றால், அதைத் தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவருக்கு அறிவுறுத்தும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஸாபாத் சந்து, ஐன் ஸர்கா
நாள்: வியாழக்கிழமை, நண்பகல்

தங்கள் ஆள் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
ரஃபீக்கா கர்ஸல்லி

இணைப்பு: காவலரின் தொப்பி.