அசையாமல் நின்ற கொக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம், உன் அப்பாவின் பிடிவாதம் எங்களை விட ஒரு படி கூடுதல் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். பொடியனுக்கு இருமல் விட்டதா? ஃபேனை நேராக அவன் முகத்தில் வைக்காதே என்று போன தடவையே சொன்னேன், நீ காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாய். தினமும் போனில் பேசுகிறோமே, அம்மா எதற்கு இப்போது காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே வந்து நிற்கிறார், ஸ்பீக்கரில் போடு என்கிறார், நீ அனுப்பும் செய்தியையெல்லாம் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார். அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல எனக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆகிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லியே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார். எனக்குத் தையல் வேலை கைநிறைய இருக்கிறது, கல்யாண சீசன் என்பதால் ரவிக்கை தைத்தே கழுத்து வலி. உன் அண்ணி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள். இதில் உன் அப்பாவுக்கு மனக்குறை. காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன் வீட்டில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது வெளியே போய்க் காசு கொடுத்து எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார். அவரிடம் கற்றுக்கொண்ட உன் அண்ணனின் கதை உனக்குத்தான் தெரியுமே, அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவனுக்கு இன்றைக்கும் கிளட்ச் எது பிரேக் எது என்று மறந்துபோகிறது.

அவர் ஓய்வு பெற்றபோது நீ வாங்கி அனுப்பினாயே அந்தக் கேமரா, அது அவர் கழுத்தை விட்டு இறங்குவதே இல்லை. காய்கறிக் கடைக்குப் போனாலும் கேமரா, முடி வெட்டப் போனாலும் கேமரா. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சார் இன்னைக்கு எந்தக் கல்யாண ஆர்டர் என்று கேலி செய்கிறார். மகள் வாங்கிக் கொடுத்த பெருமை, பீற்றிக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றால் தூரத்தில் வருகிற பஸ்ஸை நோக்கிக் கேமராவைத் தூக்குவார். பழைய வேலையின் மேல் இருக்கும் பாசம் என்று நினைத்தேன். ஒரு நாள் ஒரு கண்டக்டர் தன்னைத்தான் படம் எடுக்கிறார் என்று நினைத்துப் படியில் நின்றபடி தலையை வாரிக்கொண்டான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரிய மக்கு நான். பஸ்ஸின் போர்டைப் படிப்பதற்காகக் கேமராவைத் தூக்குகிறார் என்று என் மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக அந்தப் பெரிய ஏரிக்குப் போனோம். இப்போது பறவைகள் வந்து இறங்கும் சமயம், நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் வந்திருக்கின்றன என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரொட்டி, அவித்த முட்டை, ஃபிளாஸ்க்கில் டீ எல்லாம் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிட்டோம். காரை அவர்தான் ஓட்டினார். வழியில் ஒரு வேகத்தடையில் வண்டி அப்படியே எகிறிக் குதித்தது, என் தலை கூரையில் இடித்தது, போர்டு வைக்காமல் போட்டிருக்கான் பாரு என்று திட்டினார். போர்டு இருந்தது, மஞ்சள் நிறத்தில் ஆள் உயரத்துக்கு இருந்தது. நான் பார்த்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, காலையிலேயே எதற்குச் சண்டை என்று.

ஏரி என்றால் ஏரி, கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீரும் கோரைப்புல்லும்தான். கரையில் ஒரு மரக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள், மேலே ஏறினால் நாலா பக்கமும் தெரியும். ஆனால் அப்பா மேலே வரவில்லை, படி சரியில்லை என்று சொல்லிக் கரையிலேயே கேமரா ஸ்டாண்டைப் போட்டு நின்றுவிட்டார். வாத்துக் கூட்டம் ஒன்று விசுக்கென்று எழுந்து எங்கள் தலைக்கு மேலேயே போனது, உன் அண்ணன் குழந்தை மாதிரி கத்தினான். அதை அவர் எடுக்கவில்லை. மீன்கொத்தி ஒன்று கம்பியில் உட்கார்ந்து அழகு காட்டியது, அதையும் எடுக்கவில்லை. பறக்குறதை எவன் வேணும்னாலும் எடுப்பான், நிக்குறதைப் பொறுமையா எடுக்குறதுதான் வேலை என்றார். பிறகு கையைத் தூக்கினார். யாரும் மூச்சு விடக் கூடாதாம். கோரைக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கிறதாம். நாங்கள் மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நின்றோம். பசி வயிற்றைக் கிள்ளுகிறது, அவர் லென்ஸைத் திருகுகிறார், ஒன்று எடுக்கிறார், மறுபடியும் திருகுகிறார். கொக்கு அசையவில்லை. இப்படியும் ஒரு கொக்கா, எனக்குப் போஸ் கொடுக்குதே என்று அவருக்கு ஒரே பூரிப்பு. அப்போது உன் அண்ணி என் காதோடு காதாக, அத்தை, அது கேன் அத்தை என்றாள்.

கேன்தான். மீன்பிடிக்கிறவர்கள் வலை போட்ட இடத்துக்கு அடையாளமாகக் குச்சியில் கவிழ்த்து வைக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் கேன். எங்களுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். உன் அண்ணன் அப்பாவிடம் போய் சூப்பர்ப்பா, செம்ம போஸு என்றான். அந்த நேரம் பார்த்து நிஜக் கொக்கு ஒன்று கரையோடு நடந்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால், நாலைந்து எட்டு வைத்தால் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் நின்றது. அவர் திரும்பினார், அந்தப் பக்கம் பார்த்தார், பார்த்துவிட்டு மறுபடியும் கேனை எடுக்கப் போய்விட்டார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. இந்த மனுஷன்தானே காலையில் லாரிகளுக்கு நடுவில் எங்களை ஓட்டிக்கொண்டு வந்தார், இவர்தானே திரும்பவும் ஓட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பும்போது நான் ஒரு பொய் சொன்னேன். தலை சுற்றுகிறது, நீங்கள் பின்னால் என் பக்கத்தில் உட்காருங்கள், மருமகள் ஓட்டட்டும் என்றேன். எனக்கு ஒன்று என்றால் அவருக்குத் தாங்காது, உனக்குத் தெரியும். மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டார். வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், ஆனால் அவருடைய வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து எடுத்தது. உன் அண்ணி பதமாக ஓட்டினாள், வேகத்தடையில் எங்களுக்கு ஒரு குலுக்கல் கூட இல்லை. மாமனார் ஒரு பாராட்டு சொல்லவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேமராவை எடுத்துப் பார்த்தாள். லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதாமே, தானாகவே தெளிவு பண்ணிக்கொள்ளும் ஸ்விட்ச், தொடவே தொடாதீங்கப்பா என்று நீ படித்துப் படித்துச் சொன்னாயே, அதை அவர் எப்போதோ அணைத்து வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், வண்டி தானா கியர் போட்டுக்கிட்டா அப்புறம் டிரைவர் எதுக்கு என்கிறார். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் இல்லையா. ஆக இத்தனை நாளாக உனக்கு வந்த படமெல்லாம் அவர் தன் கண்ணை நம்பித் திருகித் திருகி எடுத்தவை. அந்தக் கண்ணுக்கு எது தெளிவோ அதுதான் படம். போன மாசம் அனுப்பிய குளத்துப் படத்துக்கு நீ என்ன எழுதினாய் தெரியுமா, பனிமூட்டத்துல கனவு மாதிரி இருக்குப்பா என்று எழுதினாய். பனியாவது மூட்டமாவது, அன்றைக்கு மண்டையைப் பிளக்கும் வெயில்.

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. நாங்கள் மட்டும் என்ன யோக்கியமா, எல்லோரும்தான் ஆகா ஓகோ என்றோம். ஆசையாக எடுக்கிறார், மனசு நோகக் கூடாது என்றுதானே. ஆனால் அது எங்கே கொண்டு வந்து விட்டிருக்கிறது பார். மறுநாள் நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். பெரியம்மாவுக்கு வந்த மாதிரி உங்களுக்கும் புரை வந்திருக்கலாம், ஒரு எட்டு கண் டாக்டரிடம் போய்வரலாம் என்றேன். பெரியம்மா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஒட்டடை அடித்தாளே, இவ்வளவு அழுக்கிலா குடித்தனம் நடத்தினேன் என்று, அதையும் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு வந்ததே கோபம். என் கண்ணுக்கு என்ன கேடு, கண்ணு தெரியாதவன் எடுத்த படத்தை என் பொண்ணு நல்லா இருக்குன்னு சொல்வாளா, நீங்க வேணா என் வாய்க்குப் பயந்து சொல்வீங்க, அவ எனக்குப் பொய் சொல்ல மாட்டா என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லீவுக்கு நீ பொடியனோடு வரும்போது விமான நிலையத்துக்குத் தானே வண்டி எடுத்துக்கொண்டு வருவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் விமானம் எப்போதும் இருட்டிய பிறகுதானே இறங்குகிறது. எதிர் வண்டி வெளிச்சத்தில் அவர் என்ன பார்ப்பார், எப்படி ஓட்டுவார் என்று நினைத்தாலே எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. சாவியை ஒளித்து வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் தலை சுற்றுகிறது என்றும் சொல்லலாம், அப்புறம் என்னைத்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவார். நான் சொன்னால் தொணதொணப்பு, அண்ணன் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம், அண்ணி சொன்னால் சொல்லவே வேண்டாம். நீ சொன்னால்தான் எடுபடும். ஏரிப் படங்களில் பத்தைப் பொறுக்கிப் பிரிண்ட் போட்டு இதே கவரில் உனக்கு அனுப்புகிறார். நல்லா இருக்கா என்று என்னைக் கேட்டபோது பழக்க தோஷத்தில் நல்லா இருக்கு என்று சொல்லித் தொலைத்தேன். நீ அப்படிச் செய்யாதே. எல்லாமே மங்கல் என்று எழுது. மூன்றாவது படத்தில் இருப்பது கொக்கு இல்லை, கேன் என்று எழுது. இதுவரைக்கும் சும்மா சொன்னேன்பா என்பதையும் மறைக்காமல் எழுது. இரண்டு நாள் உன்னோடு பேச மாட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும். கண் டாக்டரிடம் நீயே போனில் நேரம் வாங்கிச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார், எனக்குத் தெரியும்.

அவற்றோடு நானும் ஒரு படம் வைத்திருக்கிறேன். உன் அண்ணி போனில் எடுத்தது, ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். அப்பா கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் நிற்பதுதான் நிஜக் கொக்கு. முதலில் பார்த்தால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு இன்னொரு தடவை பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல், பொடியனுக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். படம் வந்து சேர்ந்ததும் மறக்காமல் பதில் எழுது, நான் சொன்ன மாதிரி எழுது. இந்தக் கடிதத்தை நான் ஒளிந்து மறைந்து எழுதவில்லை, சாப்பாட்டு மேஜையில் அவர் எதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நடுவில் ஒரு தடவை வாங்கிக்கூடப் பார்த்தார். எழுத்தை இவ்வளவு பொடியா எழுதினா அவ எப்படிப் படிப்பா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கீழே தானும் இரண்டு வரி எழுத வேண்டுமாம். என் கையெழுத்தின் மேலேயே ஏறி எழுதினாலும் எழுதுவார், பொறுமையாகப் படித்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னையே நம்பியிருக்கும் அம்மா

மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். ஏரிப் படங்கள் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது படத்தை நன்றாகப் பார். அப்படி அசையாமல் நிற்கும் கொக்கு எவனுக்கும் கிடைக்காது. நீ சொன்னால்தான் எனக்குத் திருப்தி. கிளம்பும் தேதியைச் சொல், வண்டியோடு வந்து வாசலில் நிற்பேன்.
அப்பா