மணியின் ரத்தத்தில் நீ கொடுத்தது

அப்பா,

அன்புள்ள என்று தொடங்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை. நீ செத்த பிறகும் உன்மேல் கோபம் ஆறவில்லை. அதனால் வெறும் அப்பா.

கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி, கச்சிராயபாளையத்திலேயே தங்கிவிட்ட குடும்பம் நம்முடையது. தம்பி மணி கை கால் வீங்கி, எலும்புக்குள் குத்துகிறது என்று அழுதபோதெல்லாம் நீ அம்மாவைத்தான் திட்டினாய். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சிக்கிள் செல் நோய் என்றார்கள். அங்கிருந்த டாக்டரம்மா எவ்வளவு பொறுமையாக விளக்கினார், நினைவிருக்கிறதா?

எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்பது செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவில் எழுத்து எழுத்தாக இருக்கிறதாம். அதற்கு ஆர்என்ஏ என்று ஒரு நகல் எடுத்து, அந்த வரிசைப்படியே அமினோ அமிலங்களைக் கோத்துச் செல் புரதம் செய்கிறதாம். மணிக்கு ஹீமோகுளோபினுக்கான இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் கோப்பதில் ஒன்று மாறி, ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ரத்த அணு அரிவாள்போல் வளைந்து ரத்தக்குழாயை அடைக்கிறது. வலி அதனால்தான். இந்த நோய் வர, மாறிய எழுத்தைத் தாயும் கொடுத்திருக்க வேண்டும், தகப்பனும் கொடுத்திருக்க வேண்டும் என்றார்.

நீ எழுந்துவிட்டாய்.

"என் வூட்டு ரத்தத்துல இன்னா கொற? எல்லாம் இவ கொண்டாந்தது."

அத்தனை பேர் முன்னால் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பரிசோதனைக்கு நீ கை நீட்டவே இல்லை. மணியின் மாத்திரையையும் நிறுத்தினாய். அதன்பின் வந்த வலியில் அவன் இடுப்பெலும்பு கெட்டது. அப்போதாவது உனக்கு ஏதாவது உறைத்ததா? அம்மாவை மலைக்கு, அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரத்தம் கெட்டவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய்.

உன்னை அடக்கம் செய்த பிறகுதான் அம்மா திரும்பி வந்தாள். மணி இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறான். வலி கம்மி. நடைதான் விந்தி விந்தி.

உன் தங்கச்சி, என் அத்தை, தன் மகன் குமாருக்கு என்னைப் பெண் கேட்டு வந்தாள். எனக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் எனக்கு நோய் இல்லையே தவிர, மாறிய எழுத்து ஒன்று என்னிடமும் இருப்பது பரிசோதனையில் தெரிந்திருந்தது. அவனும் பரிசோதித்துக்கொள்ளட்டும் என்றேன். அத்தை உன்னைப்போலவே சீறினாள். குமார் போய்ப் பார்த்துக்கொண்டான். அவனுக்கும் இருந்தது. பிறகு அத்தையையும் கூட்டிப்போனான். அவளுக்கும்.

பிறக்கிற பிள்ளை மணிபோல் துடிக்கக்கூடும். கல்யாணம் வேண்டாம் என்று நாங்கள் இருவருமே முடிவெடுத்தோம். அன்று நான் சாப்பிடவில்லை.

அத்தை அம்மாவிடம் வந்தாள். "அண்ணி, எங்க வூட்லயும் இருக்குது. அண்ணன் சொன்னத நானும் சொல்லிக்கினு திரிஞ்சேன்."

அம்மா, "இது அவரு வாயால வரணும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உன் ரத்தத்தில் அது இருந்தது உன் குற்றமில்லை. அதற்கு யார் உன்னைக் குறை சொல்லப்போகிறார்கள்? தெரிந்தும் அவள் தலையில் கட்டினாயே, அதுதான் குற்றம்.

உன் வருஷத் திதிக்குச் சொந்தமெல்லாம் வரும். நீ அம்மாவைப் பற்றிச் சொன்னது பொய் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். அதன் பிறகுதான் உனக்குப் படையல்.

உன் மகள், மணியின் அக்கா,
செல்வி